விழித்திருக்கக் குடித்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மே மாத வெயில். தங்கை சமையலறையில் செந்தூர மாம்பழம் ஒன்றைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற தகர டப்பா. அம்மா எட்டிப் பார்த்தாள்.

“என்ன கண்ணு இது, மருதாணிப் பொடியாட்ட இருக்குது?”

“டீம்மா. ஜப்பான் டீ. மாட்சா.”

“டீயா? எத்தன ரூவா?”

தங்கை விலையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மத்தியானம் வேறு மாதிரி போயிருக்கும்.

அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில் இருபது வருடம் செக்கிங்கில் இருந்தவள். தங்கை எக்ஸ்போர்ட் ஆபீசில் மெர்ச்சண்டைசர். இரண்டு பேருக்குமே டீ இல்லாமல் நாள் ஓடாது. ஆனால் அம்மா குடித்த டீயும் அன்று தங்கை கலக்கிய டீயும் ஒரே செடியின் இலைதான் என்று சொன்னால் அம்மா நம்பமாட்டாள். அந்த இலை இரண்டு வழியாகப் பிரிந்து வந்து எங்கள் வீட்டு அடுப்புத் திண்டில் சந்தித்த கதை கொஞ்சம் நீளமானது.

*

தேயிலையைப் பொடித்து, வெந்நீர் விட்டு, நுரைக்க அடித்துக் குடிப்பது ஜப்பானியர் கண்டுபிடித்ததல்ல. சீனாவில் சோங் வம்சக் காலத்தின் பழக்கம் அது. அந்த வம்சத்துப் பேரரசர் ஹுய்சோங் 1107 வாக்கில் தேநீரைப் பற்றித் தானே ஒரு நூல் எழுதினார். கிண்ணத்தில் நுரை எப்படி நிற்கவேண்டும் என்பதுவரை அதில் பேசியிருக்கிறார்.

அங்கே படிக்கப் போன எய்சாய் என்ற ஜப்பானிய பௌத்தத் துறவி 1191இல் ஊர் திரும்பும்போது தேயிலை விதைகளைக் கொண்டுவந்தார். ஜென் மடங்களில் துறவிகள் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து தியானம் செய்யவேண்டும். கண் சொக்கும். சொக்காமலிருக்கத் தேநீர். 1211இல் தேநீரால் உடலைப் பேணுவது பற்றி எய்சாய் ஒரு நூலும் எழுதினார். 1214இல் ஷோகன் சனெதொமோ முந்தின இரவு குடித்த மதுவின் மயக்கம் தெளியாமல் கிடந்தபோது, இவர் தேநீர் கொடுத்துத் தெளியவைத்ததாக ஜப்பானிய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. ஆக, தேநீரின் முதல் வேலை மனிதனை விழிக்கவைப்பது. ருசி அதற்குப் பிறகுதான்.

சீனா அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது. மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வு பேரரசர், அழுத்தி வில்லையாக்கிய தேயிலையை அரசுக்குத் திறையாகச் செலுத்தவேண்டாம் என்று 1391இல் ஆணையிட்டார். அதைச் செய்வதில் குடியானவர்கள் படும் பாடு அதிகம் என்பது காரணம். வில்லை போனதும் அதைப் பொடித்து அடிக்கும் முறையும் மெல்ல மறைந்து, உதிரி இலையை வெந்நீரில் ஊறவைப்பது பரவியது. பிறந்த ஊரில் மறைந்த பழக்கத்தைக் கடல் தாண்டிப் போனவர்கள் காப்பாற்றினார்கள். புலம்பெயர்ந்த தமிழர் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஜப்பானில் உஜி பகுதி விவசாயிகள், பறிப்பதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே செடிகளுக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைத்தார்கள். நிழலில் இலை கூடுதல் பச்சையாகும், துவர்ப்பு குறையும். அதை ஆவியில் காட்டி, காயவைத்து, நரம்பும் காம்பும் நீக்கிக் கல் திரிகையில் அரைப்பார்கள். ஒரு திரிகை ஒரு மணி நேரத்தில் அரைத்துத் தருவது நாற்பது கிராம் அளவுதான். விலையின் ரகசியம் பாதி இங்கே இருக்கிறது.

*

நம் பக்கம் வந்த டீ வேறு வழியில் வந்தது. உடுமலையிலிருந்து தெற்கே பார்த்தால் ஆனைமலைத் தொடர் தெரியும். அந்த மலையின் வால்பாறைப் பக்கம் காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் ஆங்கிலேயர். நீலகிரியில் அதற்கும் முன்பே, 1860களில், வணிகத் தோட்டங்கள் எழுந்துவிட்டன. வேலைக்குச் சமவெளியிலிருந்து ஆட்களைக் கங்காணிகள் கூட்டிப்போனார்கள். முன்பணம் கடனாகி, கடன் தலைமுறைச் சுமையாகி, குளிரிலும் காய்ச்சலிலும் செத்தவர்களின் கதையை, வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ‘ரெட் டீ’ என்று 1969இல் நாவலாக்கினார். இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் அது ‘எரியும் பனிக்காடு’. ‘பரதேசி’ படம் பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர் தெரியும்.

பறித்தவர்கள் நம் ஆட்கள். குடித்தவர்கள் லண்டனில் இருந்தார்கள். இந்தியர்களும் குடித்தால் சரக்கு தேங்காது என்று கணக்குப் போட்ட தேயிலை முதலாளிகள், 1903இல் வந்த தேயிலைத் தீர்வைச் சட்டத்தின் பணத்தைக்கொண்டு விளம்பரத்தில் இறங்கினார்கள். வீடு வீடாகப் போய்ப் போட்டுக் காட்டினார்கள். ரயில் நிலையங்களில் எனாமல் பலகையில் செய்முறையை எழுதிவைத்தார்கள். ரீல்ஸ் பார்த்துத்தான் தங்கை மாட்சா போடக் கற்றுக்கொண்டாள். அன்றைய ரீல்ஸ் அந்த எனாமல் பலகை.

அவர்கள் குறிவைத்த இன்னொரு இடம் ஆலை. சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் துணி மில்களிலும் தொழிலாளிக்கு டீ குடிக்க இடைவேளை விடுங்கள், களைப்பு நீங்கி நன்றாக வேலை செய்வான் என்று முதலாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று நாம் ‘டீ டைம்’ என்று உரிமையாகச் சொல்கிற அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஒரு விற்பனைத் திட்டமும் இருந்தது.

மக்கள் ஒன்றை மட்டும் மாற்றினார்கள். இலையை ஊறவைத்துப் பாலைக் கொஞ்சமாக விடு என்றது பலகை. நம் டீக்கடைக்காரர் பாலையும் சர்க்கரையையும் தாராளமாக்கி, இலையைக் குறைத்துக் கொதிக்கவிட்டார், ஏலக்காயோ இஞ்சியோ தட்டிப்போட்டார். இலை விற்பனை குறைகிறதே என்று வியாபாரிகள் முகம் சுளித்தார்கள். 1930களில் அசாமில் உருவான சி.டி.சி. எந்திரம், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்கியது. மலிவான குருணை, திக்கான சாயம். தென்னிந்தியாவுக்கு அதிலும் பொடியான டஸ்ட் ரகம் பிடித்துப்போனது. மாட்சாவும் பொடி, எங்கள் டீயும் பொடி. அது நிழலில் வளர்த்த தளிரை முழுசாக அரைத்த பொடி. இது சல்லடையின் கடைசித் தட்டில் விழுந்த பொடி.

*

திருப்பூரில் முதல் பின்னலாடை ஆலை 1925இல் வந்தது என்பார்கள். 1970களின் கடைசியில் ஏற்றுமதி பிடித்தபிறகு ஊர் தூங்குவதையே குறைத்துக்கொண்டது. இங்கே நாளை மணியால் அளப்பதில்லை, ஷிஃப்டால் அளப்பார்கள். காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு வந்தால் ஒன்றரை ஷிஃப்ட். ஷிப்மென்ட் நெருங்கினால் அதுவும் தாண்டும். தூக்குப்போசியில் டீ வரும். பவர் டேபிள்காரர் ஊசியைத் துணியில் இறக்கி நிறுத்திவிட்டு எழுந்திருப்பார்.

“டீ இல்லாட்டி நைட்டு ஓட்டவே முடியாது சாமி,” என்பாள் அம்மா. “மூணாவது டம்ளர்ல கண்ணு தானா தொறந்துக்கும்.”

எய்சாயின் துறவியும் அம்மாவும் ஒரே காரணத்துக்குத்தான் குடித்தார்கள். துறவி விழித்திருந்தது தனக்காக. அம்மா விழித்திருந்தது எங்கோ ஒரு கடையில் தொங்கப்போகும் டீ-ஷர்ட்டுக்காக.

காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் டீ உழைப்பாளியின் பானமாகவும் தமிழ்நாட்டில் ஆனதை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’யில் எழுதியிருக்கிறார். அந்த உழைப்பாளியின் டம்ளரும் ஒன்றாக இருக்கவில்லை. கொங்குக் கிராமத்து டீக்கடைகளில் தலித்துகளுக்குத் தனி டம்ளர் வைத்த இரட்டைக் குவளை முறையை எதிர்த்துப் பல போராட்டங்கள் நடந்திருக்கின்றன. பேப்பர் கப் வந்தபிறகு சில இடங்களில் டம்ளர் மாறியது, பாகுபாடு கப்புக்குள் ஒளிந்துகொண்டது.

16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ என்ற ஜப்பானியத் தேநீர் ஆசான், தேநீர் அறைக்கு முழங்கால் போட்டுத் தவழ்ந்துதான் நுழையமுடிகிற சின்ன வாசல் வைத்தார். சாமுராயானாலும் வாளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்தே வரவேண்டும். உள்ளே ஒரே கிண்ணம் கைமாறும். அறைக்கு வெளியே உலகம் மாறிவிடவில்லை. 1591இல் ஆட்சியாளர் ஹிதெயோஷியின் கட்டளையால் ரிக்யூ தற்கொலை செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு அறைக்குள் ஒரு மணி நேரமாவது ஒரே கிண்ணம். எங்கள் ஊர் பெஞ்சில் அது இன்றும் சுலபமில்லை.

*

இப்போது தங்கையின் அடுப்புத் திண்டுக்கு வருவோம். முதலில் டப்பாவைத் திறந்து நிறம் பார்த்தாள். துணியின் ஷேடு பார்த்துப் பழகிய கண். பளிச்சென்ற பச்சை நல்ல பொடி. மஞ்சளடித்தால் பழசு, அல்லது மட்டம். இரண்டு கிராம், ஒரு டீஸ்பூன், டீ வடிகட்டியில் சலித்தாள். சலிக்காவிட்டால் கட்டி தட்டும்.

கொதிக்கிற தண்ணீர் ஆகாது, கசந்துவிடும். 80 டிகிரி போதும். தெர்மாமீட்டர் எதற்கு? டம்ளரிலிருந்து டம்ளருக்கு இரண்டு ஆத்து ஆத்தினாள். அந்தத் தண்ணீரில் அரை டம்ளருக்கும் குறைவாகப் பொடியில் விட்டு, மூங்கில் துடுப்பம் இல்லாததால் மோர் கடையும் சின்ன மத்தால் நுரைக்க அடித்தாள்.

கண்ணாடி கிளாஸின் அடியில் மாம்பழக் கூழும் ஒரு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரையும். மேலே ஐஸ், அதன் மேல் குளிர்ந்த பால். கடைசியில் மாட்சாவை ஐஸ்கட்டி மேல் மெதுவாக. கூழ் கனம், அதனால் அடியில் நிற்கும். மாட்சா தண்ணீராக இருப்பதால் பாலுக்கு மேலே நிற்கும். மஞ்சள், வெள்ளை, பச்சை. எலுமிச்சை மாதிரி புளிப்புப் பழம் போட்டால் பால் திரிந்துவிடும்.

இது மாட்சாவே இல்லை, ஐஸும் பாலும் மாம்பழமும் போட்டுக் கெடுக்கிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. பாலைக் கூட்டிக் கொதிக்கவிட்ட நம் டீக்கடைக்காரரைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். எனக்குள்ள உறுத்தல் வேறு. 2024இல் உலகமே பச்சை கிளாஸைத் தூக்கியதும் கியோட்டோவின் பழைய கடைகளே ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளவு கட்டி விற்றன. திடீரென்று வருகிற பெரிய ஆர்டர் கடைசியில் யாருடைய ராத்திரியாக மாறும் என்பது திருப்பூர்க்காரனுக்குத் தெரியாதா?

தங்கை கிளாஸை நீட்டினாள். “கலக்கிக் குடிங்கம்மா.”

அம்மா ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

“நல்லாத்தான் இருக்குது. மாம்பழம் வாசமா இருக்குது.” பாதியில் நிறுத்தினாள். “ஏங் கண்ணு, இதுவும் டீதான? குடிச்சா தூக்கம் வராதுல்ல?”

“கொஞ்சம் முழிப்பாத்தான் இருக்கும்.”

அம்மா கிளாஸைத் திண்டில் வைத்தாள். “அப்ப மிச்சத்த நீயே குடிச்சுக்கோ. ஞாயித்துக்கெழம. நான் தூங்கோணும்.”