ரேந்தையும் முரட்டுத் துணியும்

எங்க குலசேகரம் மழைச்சீமை, கம்பளியாட்டுக்கு ஆகாது. கிழக்கே பாண்டிச் சீமையிலே மேயும் வெம்பூர், கீழக்கரிசல் ஆடுகளுக்கும் உடம்பில் வெறும் முடிதான். நூற்க வராது, கறிக்குத்தான் வளர்க்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பெண்களின் கைக்கு வந்த நூல் வேறே.

1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில், லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, தன் பெண்பிள்ளைகள் பள்ளியில் ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். ஒரு திண்டு, அதிலே குத்திய ஊசிகள், சின்னச் சின்னக் கட்டைகளில் சுற்றிய நூல். கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டால் பூ விழும். கண் போகிற வேலை.

பிள்ளைகளில் அடிமைகளும் உண்டு. சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்து எசமானுக்குக் கொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூர் மன்னர் அடிமைமுறையை ஒழித்தது 1855இல். அதற்கு முன்னாலேயே நூலை வைத்து விடுதலை வாங்கியிருக்கிறாள் எங்க பொம்பளை! இதையும் மிஷனின் தர்மக்கணக்கில் எழுதுவதா? கூலி அவள் உழைத்தது.

ரேந்தை வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் உடுப்பில் ஏறியது. பின்னிய சாதிகளுக்கோ தோளில் சீலை ஆகாது. போட்டால் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். வேதத்தில் சேர்ந்தவர்களுக்குக் குப்பாயம் மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். தோள்சீலைக் கலகத்துக்குப் பின் 1859 ஜூலையில் வந்த அரசாணை, நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், முரட்டுத் துணியால் மாரை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்றது. பறைய, புலையப் பெண்களின் பேர்கூட அதில் இல்லை. தோள்சீலைக் கதையை மேடையில் சொல்கிறவர்களும் இந்த இடம் வந்தால் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.