காட்டுக்குள் ஒரு புல் ஓடுபாதை

பிரிக்பீல்ட்சிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் போனால் சுங்கை பீசி பழைய விமான நிலையம் வரும். 1965இல் சுபாங் விமான நிலையம் திறக்கப்படும் வரை கோலாலம்பூரின் ஆகாய வாசல் அதுதான். பின்னர் விமானப்படைத் தளமாக இருந்தது. 2018இல் அதுவும் மூடப்பட்டது. இன்று நெடுஞ்சாலையில் விரையும் இளைஞர்களுக்கு அந்த இடத்தின் அருமை தெரிய வாய்ப்பில்லை. 1950களில் அங்கிருந்து காலையில் கிளம்பிய சிறு விமானங்கள், மலைத்தொடரைத் தாண்டிப் போய், நடுக்காட்டில் கைக்குட்டை அளவே தெரியும் புல்தரையில் இறங்கின என்றால் நம்ப முடிகிறதா?

அது அவசரகாலம். 1948 ஜூனில் தொடங்கி 1960 ஜூலை 31இல்தான் முடிந்தது. 1951இல் பிரேசர் மலைச் சாலையில் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னியே சுட்டுக் கொல்லப்பட்டார். நாட்டின் தலைமை அதிகாரிக்கே சாலையில் பாதுகாப்பில்லை என்றால் மற்றவர்களின் நிலை என்ன? தோட்டப்புறத்துப் பெரியவர்களைக் கேட்டால் முள்வேலியையும் ஊரடங்கையும் சொல்வார்கள். வானத்திலிருந்து விழுந்த தமிழ்த் துண்டறிக்கைகளையும் சொல்வார்கள்.

நம் கதைக்கு வராத இன்னொரு மக்கள் கூட்டமும் அந்தக் காலத்தில் அவதிப்பட்டது. அவர்கள் காட்டின் பூர்வகுடியினரான ஓராங் அஸ்லி. கம்யூனிஸ்டுகளுக்கு உணவு கிடைக்கக் கூடாது என்று அவர்களைக் காட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து முகாம்களில் வைத்தார்கள். பழகாத வெயில், பழகாத உணவு, நோய். பலர் மாண்டு போனார்கள். தவற்றை உணர்ந்த அரசாங்கம், 1953 முதல் வேறு வழிக்கு வந்தது. மக்களை வெளியே இழுப்பதற்குப் பதிலாக, அவர்கள் வாழும் இடத்திலேயே கோட்டைகளை அமைத்தது. புரூக், லெகாப், கெமார் என்பவை அவற்றுள் சில. கோட்டை என்றால் கல் கோட்டை அல்ல; போலீஸ் காவல், மருந்து, கடை எல்லாம் ஒரே இடத்தில் அமைந்த காட்டு நிலையம்.

ஆனால் அங்கே சாலை கிடையாது. நடந்து போக நாள் கணக்காகும். பாராசூட்டில் அரிசி மூட்டையை இறக்கலாம். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைப் பாராசூட்டில் ஏற்ற முடியுமா? ஹெலிகாப்டர்கள் மிகக் குறைவு, செலவும் அதிகம். இந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் பயனியர் விமானம். 1954இல் கோலாலம்பூரில் மறுபடியும் அமைக்கப்பட்ட பிரிட்டிஷ் விமானப்படையின் 267ஆம் பிரிவு அதை ஓட்டியது. வேவு பார்க்கும் சின்னஞ்சிறு ஆஸ்டர் விமானங்கள் 656ஆம் பிரிவைச் சேர்ந்தவை.

அறுபது மீட்டர் கணக்கு

பயனியர் ஸ்காட்லாந்தில் தயாரானது. ஓட்டுநரைத் தவிர நான்கு பேர் அமரலாம். இறக்கையின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் விரியும் தகடுகள் இருந்ததால், மணிக்கு 58 கிலோமீட்டர் வரை வேகம் குறைந்தாலும் அது காற்றில் நிற்கும். நகரில் மோட்டார் சைக்கிள் ஓடும் வேகம்! தரையைத் தொட்ட பின் 60 மீட்டரில் நின்றுவிடும். கிளம்புவதற்கு ஏறக்குறைய 69 மீட்டர் போதும். ஒரு கால்பந்துத் திடலின் நீளம்கூடத் தேவையில்லை.

இது ஏட்டுக் கணக்கு. காட்டுக் கணக்கு வேறு. வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குத் தாங்கும் சக்தியும் இயந்திரத்துக்கு வலுவும் குறையும். வளர்ந்த புல் கிளம்பும்போது சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். மழையில் நனைந்த புல்லில் பிரேக் போட்டால் சோப்பில் கால் வைத்ததுபோல் வழுக்கும். பிற்பகலில் மலைமேல் மேகம் திரண்டுவிடும் என்பதால் பயணம் பெரும்பாலும் காலையில்தான்.

இறங்கும் முறையும் தனி. முதலில் ஓடுபாதைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, காற்றின் திசையையும் தரையின் ஈரத்தையும் பார்க்க வேண்டும். பிறகு மூக்கை உயர்த்தி, இயந்திரத்தின் வலுவிலேயே விமானத்தைத் தாங்கிப் பிடித்து, மிக மெதுவாக வர வேண்டும். வேகம் சற்றுக் கூடினாலும் விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். பாதி ஓடுபாதை வீணாகிவிடும். தரையைத் தொட்டாலும் வேலை முடியவில்லை. வால் பக்கத்தில் சக்கரம் கொண்ட விமானங்கள் இவை. வால் முன்னே சுழன்று வரப் பார்க்கும். அதை நேராக வைத்திருப்பது ஓட்டுநரின் இரண்டு கால்கள்தான்.

சரிவான ஓடுபாதையாக இருந்தால் மேட்டை நோக்கி இறங்கி, பள்ளத்தை நோக்கிக் கிளம்ப வேண்டும். எதிரே மலை நிற்கும் பள்ளத்தாக்கில், ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் மேலே ஏறித் தப்ப இடமில்லை. ஆகவே இறங்குவதா, திரும்புவதா என்பதை அந்த எல்லைக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். “இன்று வேண்டாம்” என்று திரும்பிப் போவதும் இந்தத் தொழிலில் ஒரு திறமை.

போர்ப் பாதை, மருத்துவப் பாதை

போருக்காகக் காட்டை வெட்டிச் சமன் செய்த பாதை அது. ஆனால் போகும்போது அரிசியும் மருந்தும் கொண்டுபோன விமானம், வரும்போது நோயாளிகளை ஏற்றி வந்தது. 1950களின் இறுதியில் கோம்பாக்கில் ஓராங் அஸ்லிகளுக்கென்றே ஒரு மருத்துவமனை உருவானது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கலாம் என்பது அங்கே வழக்கம். முகாமில் நேர்ந்த மரணங்கள் கற்றுக்கொடுத்த பாடம் அதில் தெரிகிறது.

1958 ஏப்ரலில் சுதந்திர மலாயா பெற்ற முதல் விமானமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இரண்டு இயந்திரம் கொண்ட டுவின் பயனியர். பெயர் ‘லாங் ராஜாவாலி’. புதிய நாடு முதலில் கேட்டது வேகமான போர் விமானத்தை அல்ல. குறுகிய புல்தரையில் இறங்கத் தெரிந்த விமானத்தை!

சுங்கை பீசியில் நாளை மாடிக் கட்டடங்கள் எழலாம். எழட்டும். அங்கிருந்து பறந்தவர்களையும், காட்டுக்குள்ளே அந்தப் புல்லை வெட்டி வைத்துக் காத்திருந்த மக்களையும் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒரு வரி சொல்லிவைப்பது நம் கடமை அல்லவா?