நூறு பவுண்டும் இரண்டு வாசலும்



மலக்குழிக்குள் இறங்கியவர் பிணமாக மேலே வந்தால், "அது கான்ட்ராக்டர் வைத்த ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று ஒரு பதில் வரும். நாம் பலமுறை கேட்ட பதில் இது. இதன் மூலத்தைத் தேடிப் போனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நீதிமன்றத்தில் போய் நிற்போம். அந்தத் தீர்ப்புகளை, அதே நூற்றாண்டில் எழுதப்பட்ட கதைகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

விக்டோரியா அரியணை ஏறிய 1837ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். சார்லஸ் பிரீஸ்ட்லி, ஃபௌலர் என்ற இறைச்சிக் கடைக்காரரிடம் வேலை பார்த்தவன். முதலாளியின் சரக்கு வண்டியில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருந்தார்கள். வண்டி உடைந்து, அவனுடைய தொடை எலும்பு முறிந்தது. வழக்கை விசாரித்த ஜூரிகள் 100 பவுண்டு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். எக்ஸ்செக்கர் நீதிமன்றத்தில் அபிங்கர் பிரபு அதைத் தள்ளிவிட்டார். இதை அனுமதித்தால் வேலைக்காரன் ஈரப் படுக்கையில் படுத்ததற்கும் எஜமான் பொறுப்பேற்க வேண்டிவரும் என்றார். வண்டியின் நிலை எஜமானைவிட வேலைக்காரனுக்கே நன்றாகத் தெரியும், ஆபத்து என்று பட்டால் அவன் மறுத்திருக்கலாம் என்றும் சொன்னார். மறுத்தால் அன்று இரவு அவன் எங்கே சாப்பிடுவான் என்பது அவருடைய கணக்கில் இல்லை. உடன் வேலை செய்பவனின் தவறால் தொழிலாளி அடிபட்டால் முதலாளிக்குப் பொறுப்பில்லை என்ற கோட்பாடு இந்தத் தீர்ப்பிலிருந்தே வளர்ந்தது. பிரிட்டனில் அது முழுதாக ஒழிய 1948 வரை ஆனது.

அடுத்த வழக்குதான் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1842, விண்டர்பாட்டம் எதிர் ரைட். தபால் வண்டிகளைக் கொடுத்துப் பழுது பார்த்துவரும் ஒப்பந்தத்தை ரைட் என்பவர் தபால் துறையிடம் எடுத்திருந்தார். குதிரைகளுக்கு வேறொருவர் ஒப்பந்தம். அந்த இன்னொருவர் அமர்த்திய வண்டிக்காரர்தான் விண்டர்பாட்டம். பழுதான வண்டி ஓட்டத்தில் உடைந்து, அவர் ஆயுளுக்கும் முடமானார். ரைட்டின் மேல் வழக்குப் போட்டார். ரைட்டின் ஒப்பந்தம் தபால் துறையோடுதான், உன்னோடு இல்லை, ஆகவே உனக்கு அவர் கடமைப்பட்டவர் அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த நீதிபதிகளின் குழுவிலும் அபிங்கர் இருந்தார். அரசுத் துறை, அதற்குக் கீழே ஒப்பந்தக்காரர்கள், எல்லோருக்கும் கீழே உடம்பு போன ஒருவர். இந்த அடுக்கைப் பார்த்ததும் உங்களில் பலருக்கு வேறு ஊர் ஞாபகம் வந்திருக்கும்.

எழுத்தாளர்கள் இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. டிக்கன்ஸ் நடத்திய 'ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்' பத்திரிகை, ஆலை இயந்திரங்களில் கை கால் இழந்தவர்களைப் பற்றி 1854இல் கட்டுரை வெளியிட்டது. அதே பத்திரிகையில் அதே ஆண்டு தொடராக வந்த 'ஹார்டு டைம்ஸ்' நாவலின் கையெழுத்துப் பிரதியில், ரேச்சலின் தங்கை இயந்திரத்தில் சிக்கிய செய்தி இருந்தது. அச்சுக்குப் போனபோது அந்தப் பகுதி இல்லை. கைவிடப்பட்டு மூடப்படாமல் கிடந்த சுரங்கக் குழியில் விழுந்து ஸ்டீபன் பிளாக்பூல் சாவது மட்டும் மிஞ்சியது.

என்னை நெடுநாளாகப் பிடித்து வைத்திருக்கும் கதை வேறொன்று. ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் எழுதி 1886இல் வெளிவந்த டாக்டர் ஜெக்கில், மிஸ்டர் ஹைடு கதை. மனிதனுக்குள் இருக்கும் நன்மையும் தீமையும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்து முடித்துவிடுவார்கள். அது தப்பில்லை, ஆனால் பாதி. ஸ்டீவன்சன் சட்டம் படித்து, 1875இல் ஸ்காட்லாந்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்தவர். கதையை நமக்குத் துப்புத் துலக்கித் தருபவர் அட்டர்சன் என்ற வழக்கறிஞர். கதை தொடங்குவதே ஒரு நஷ்டஈட்டில்தான்.

நள்ளிரவில் ஓடிவந்த ஒரு சிறுமியை ஹைடு மிதித்துக்கொண்டு போகிறான். ஆட்கள் மடக்கி, ஊரில் பெயரை நாறடித்துவிடுவோம் என்று மிரட்டி, 100 பவுண்டு கேட்கிறார்கள். பிரீஸ்ட்லிக்கு ஜூரிகள் தந்து நீதிபதி பறித்த அதே தொகை. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஹைடு ஒரு கதவைத் திறந்து உள்ளே போய், 10 பவுண்டு தங்கமாகவும் மீதிக்குக் காசோலையாகவும் கொண்டுவருகிறான். காசோலையில் இருப்பது ஊரறிந்த பெரிய மனிதரின் கையெழுத்து. போலியோ என்று பார்த்தால், வங்கி பணம் தருகிறது.

அந்தக் கதவு மணியும் இல்லாமல், தட்டுவதற்கு வளையமும் இல்லாமல், பெயின்ட் உரிந்து சந்துக்குள் கிடக்கிறது. சுற்றிப்போனால் சதுக்கத்தில் ஜெக்கிலின் செல்வச் செழிப்பான முன்வாசல். வீடு ஒன்றுதான், வாசல்தான் இரண்டு. குற்றம் செய்யக் கூலிக்கு அடியாள் பிடித்துவிட்டுத் தாங்கள் பத்திரமாக உட்கார்ந்திருந்தவர்களை ஜெக்கிலே தன் வாக்குமூலத்தில் நினைவுகூர்கிறார். செய்தது ஹைடுதான், தான் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார். ஸ்டீவன்சன் அபிங்கரின் தீர்ப்புகளை மனதில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தச் சுவருக்குப் பின்னால் சட்டம் நியாயமாக்கி வைத்திருந்த பிளவை, அவர் ஒரே உடம்புக்குள் வைத்துக் காட்டிவிட்டார் என்கிறேன்.

சட்டம் அந்தச் சுவரைத் தாண்ட 1932 ஆனது. இதிலும் ஒரு ஸ்டீவன்சன் வருகிறார், கதாசிரியருக்குச் சம்பந்தமில்லாத சோடா கம்பெனிக்காரர். 1928 ஆகஸ்டில் பெய்ஸ்லி ஊர்க் கடையொன்றில் மே டோனகு என்ற பெண்ணுக்கு அவருடைய தோழி ஜிஞ்சர் பீர் வாங்கித் தந்தார். பாட்டிலிலிருந்து அழுகிய நத்தை விழுந்தது என்பது வழக்கு. காசு கொடுத்தது தோழி என்பதால் டோனகுவுக்கு யாரோடும் ஒப்பந்தம் இல்லை. தன்னிடம் 5 பவுண்டுகூட இல்லை என்று சத்தியம் செய்து, ஏழை வழக்காளியாகப் பிரபுக்கள் சபை வரை போனார். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஜெயித்தார். நத்தை உண்மையில் இருந்ததா என்பது விசாரணைக்கு வரவே இல்லை.

அந்தத் தீர்ப்பில் அட்கின் பிரபு கேட்ட கேள்வி லூக்கா சுவிசேஷத்தில் உள்ளது. நம் செயலால் பாதிக்கப்படுவார் என்று நாம் முன்கூட்டியே நினைத்துப் பார்க்க வேண்டிய அளவுக்கு நெருக்கமானவர் யாரோ, அவரே சட்டத்தின் கண்ணில் அயலார். அவருக்கு நாம் கவனக் கடமைப்பட்டவர்கள். 'அயலார்' என்று நான் சொல்லும் இடத்தில் பழைய தமிழ் வேதாகமம் 'பிறன்' என்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் என்ற பொருளைவிட எனக்கு இந்தச் சொல் பிடிக்கிறது. சேரிக்கும் ஊருக்கும் நடுவே ஒரு தெருதான் என்றாலும் அயலாராக எண்ணப்படாதவர்களுக்கு, பக்கத்தில் இருப்பது ஒரு தகுதியாக இருந்ததில்லை. லூக்காவில் இந்தக் கேள்வியைக் கேட்பவனும் ஒரு நியாயசாஸ்திரிதான். பதிலாக வரும் கதையில் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போக, யூதர்கள் கலந்து பழகாத சமாரியன் குனிந்து காயம் கட்டுகிறான். அட்கின் கேள்வியை எடுத்துக்கொண்டார். சமாரியனை எடுத்துக்கொள்ளவில்லை.

1932இன் கோட்பாடு ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் வழியே நம் நீதிமன்றங்களுக்கும் வந்தது. ஆனாலும் மலக்குழிச் சாவுகளுக்கு 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2014 வரை காத்திருந்தோம். 2023இல் அது 30 லட்சமாக உயர்ந்தது. தொகை முக்கியம்தான், அந்தக் குடும்பங்களுக்கு அது சோறு. ஆனால் காசோலையோடு விஷயத்தை முடித்துக்கொள்ள ஹைடுக்கும் தெரிந்திருந்தது.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவைப் பாருங்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் பாதாளச் சாக்கடையிலோ மலக்குழியிலோ எந்த ஆளையும் உள்ளாட்சி அமைப்போ வேறு எவருமோ நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. 'மறைமுகமாகவோ' என்ற அந்த ஒரு சொல், விண்டர்பாட்டத்துக்குக் கிடைக்காத சொல். இங்கே இருக்கும் சட்ட மாணவர்கள் இப்படி ஒரு சாவு நடந்தால் முதல் தகவல் அறிக்கையில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு நிற்க வேண்டாம். டெண்டர் ஒப்பந்தத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் கையெழுத்து இரண்டு இருக்கும்.