டிக்கியைத் திறந்து பார்த்தபின்: எர்டிகாவும் பொலீரோவும்

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், மனைவி, அம்மா, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். ஆறாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர் நீளம், ஒரு குடத்தின் பருமன், பத்துக் கிலோ எடை. எட்டு அங்குலக் கண்ணாடி கொண்ட டாப்சோனியன் தொலைநோக்கியின் குழாய்தான் அவர். அதைத் தாங்கும் அடிப்பெட்டி தனி. அரை மீட்டர் அகலத்தில், முழங்காலுக்கு மேல் உயரத்தில், துகள் பலகையில் செய்தது. மடங்காது, சுருங்காது. கார் வாங்கப் போகிறவர்கள் குழாயின் நீளத்தைப் பார்த்துத்தான் மலைப்பார்கள். உண்மையில் இடத்தைத் தின்பது அடிப்பெட்டி.

இந்த வகைத் தொலைநோக்கிக்குப் பெயர் தந்தவர் ஜான் டாப்சன். 1915இல் பெய்ஜிங்கில் பிறந்து, 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த ராமகிருஷ்ண மரபின் வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தவர். மடத்தில் இருந்தபோதே கிடைத்த கண்ணாடியைத் தேய்த்து, சாதாரணப் பலகையில் தாங்கி அமைத்துத் தொலைநோக்கி செய்தார். 1967இல் மடத்தை விட்டு வெளியேறிய பிறகு தெருவோரம் அவற்றை நிறுத்தி, போவோர் வருவோரைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். குறைந்த செலவில் பெரிய கண்ணாடி என்பதுதான் அவர் கொடுத்த வழி. அந்த வழியில் வந்தவர்கள் எல்லாரும் சந்திக்கும் கேள்வி ஒன்றுதான்: இதை எப்படி எடுத்துக்கொண்டு போவது?

வேலூரில் இருக்கிற எங்களுக்கு இருட்டு வேண்டுமென்றால் ஜவ்வாது மலைதான். ஆலங்காயம் வழியாக மேலே போனால் காவலூர். நாட்டின் பெரிய வானாய்வகங்களில் ஒன்றை அங்கே வைத்தவர்கள் இடம் பார்க்காமல் வைக்கவில்லை. 1972இல் அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி, வியாழனின் துணைக்கோளான கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்று காட்டியது. 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986இல் வந்தது. அந்த மலைச் சரிவுகளில் ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு ஒரு மேட்டில் நின்றால், தெற்கு வானம் அடிவரை தெரியும்.

முன்பு எங்களிடம் இருந்தது ஒரு சின்னக் கார். குழாயைப் பின்சீட்டில் படுக்க வைத்தால் பிள்ளைகளுக்கு இடமில்லை. பிள்ளைகள் வந்தால் குழாய்க்கு இடமில்லை. ஒரு முறை போர்வை சுற்றிச் சீட்டில் சாய்த்துக்கொண்டு போனேன். மேலே போய்ப் பார்த்தால் சனிக்கோள் வால் முளைத்த மாதிரி தெரிந்தது. வழியில் குலுங்கிக் கண்ணாடி கோணம் மாறியிருந்தது. அதைச் சரிசெய்ய முக்கால் மணி நேரம் போனது. மகள் அதற்குள் தூங்கிவிட்டாள். அன்றைக்கு முடிவு செய்தேன்: அடுத்த வண்டி, மகளும் தொலைநோக்கியும் ஒன்றாக வரும் வண்டி.

கடைசியில் இரண்டு பெயர் நின்றன. மாருதி சுசூகி எர்டிகா, மஹிந்திரா பொலீரோ. ஏழு சீட்டு என்பதைத் தவிர இரண்டுக்கும் ஒற்றுமை குறைவு. எர்டிகா கார் வம்சம். உடலும் அடிச்சட்டமும் ஒன்றாக அமைந்த கட்டமைப்பு, முன்சக்கர ஓட்டம், 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு மீட்டரைத் தாண்டும் நீளம். பொலீரோ ஜீப் வம்சம். தனிச் சட்டத்தின்மேல் உட்கார்ந்த உடல், பின்சக்கர ஓட்டம், 1.5 லிட்டர் டீசல், நீளம் 3,995 மில்லிமீட்டர்.

நான்கு மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் குறைவாக இருப்பது தற்செயல் அல்ல. நான்கு மீட்டருக்குள், 1,500 சிசிக்கு மிகாத டீசல் என்றால் வரி குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் அப்படிப்பட்ட வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். எர்டிகாவைப் போல நான்கு மீட்டரைத் தாண்டியதற்கு 40 சதவீதம். விலைப்பட்டியலைப் பார்ப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். எர்டிகாவுக்குக் கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கு வண்டிக்குப் போவதில்லை.

கையேட்டில் டிக்கியை லிட்டரில் சொல்வார்கள். எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் 209 லிட்டர், கடைசி வரிசையை மடித்தால் 550. இந்தக் கணக்கு அரிசி மூட்டைக்குச் சரி. நீளமான ஒரு விறைப்புக் குழாய்க்கு இது எதையும் சொல்லாது. அதனால் தொலைநோக்கியின் அளவுக்கே ஒரு அட்டைக் குழாய் செய்தேன். தரைவிரிப்பு சுற்றி வரும் தடித்த அட்டையை வெட்டி, மேலே செய்தித்தாள் சுற்றிப் பருமனாக்கினேன். அடிப்பெட்டியை மட்டும் கழற்றி நேரிலேயே தூக்கிக்கொண்டு போனேன். மைத்துனருடைய எர்டிகாவிலும், அணைக்கட்டுப் பக்கம் நிலம் வைத்திருக்கும் நண்பருடைய பொலீரோவிலும் இரண்டையும் ஏற்றி இறக்கிப் பார்த்தோம்.

எர்டிகாவின் கடைசி வரிசை இரண்டு பாதியாக மடங்கித் தரையோடு படுக்கிறது. நடுசீட்டை முன்னுக்குத் தள்ளவும் முடிகிறது. நடுவில் மூன்று பேர் உட்கார்ந்த பிறகு, பின்னால் குழாய் மூலைக்கு மூலை சாய்வாகப் படுத்தது. மிச்சமிருந்த மூலையில் அடிப்பெட்டி நின்றது. பைகளும் தண்ணீர்க் கேனும் காலடிக்குப் போயின. தாராளம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழாய் முழுவதும் சீட்டின் முதுகுக்குக் கீழேயே அடங்கியது. அதுதான் முக்கியம்.

பொலீரோவின் பின்பகுதி நிமிர்ந்த பெட்டி. அடிப்பெட்டி உள்ளே போய் நிற்பதைப் பார்த்தபோது எனக்கு ஆசை வந்தது உண்மை. ஆனால் அங்கே இருப்பவை எதிரெதிரே பக்கவாட்டில் பார்க்கும் சீட்டுகள். மடித்தாலும் அவை இரு ஓரத்திலும் நின்று தரையின் அகலத்தைக் குறைக்கின்றன. நடுசீட்டில் மூவர் இருந்தால் குழாயைப் படுக்க வைக்க நீளம் போதவில்லை. காலைத் தரையில் ஊன்றி, தலையை நடுசீட்டின் மேல் சாய்த்துத்தான் நிறுத்த முடிந்தது. அதாவது என் பிள்ளைகளின் பின்னந்தலைக்குச் சற்று மேலே.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், கட்டாமல் கிடக்கும் பத்துக் கிலோ பொருள் ஏறக்குறைய 170 கிலோ விசையோடு முன்னே பாயும். எந்த வண்டியானாலும் குழாயை ராட்செட் பெல்ட் போட்டுத் தரைக் கொக்கியிலோ சீட்டின் இரும்புக் காலிலோ இறுக்கிக் கட்டியே தீர வேண்டும். கட்டிய பிறகும், சீட்டு முதுகுக்குக் கீழே இருப்பதும் தலைக்கு மேலே இருப்பதும் ஒன்றல்ல.

பாதுகாப்பைப் பொறுத்தவரை இரண்டையும் நான் மெச்சமாட்டேன். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2019இல் மூன்று நட்சத்திரம் வாங்கிய எர்டிகா, கடுமையான புதிய விதிகளின்படி 2024இல் சோதித்தபோது ஒரு நட்சத்திரத்துக்கு இறங்கியது. பொலீரோவின் தம்பி வண்டியான பொலீரோ நியோவும் அதே ஆண்டில் ஒரு நட்சத்திரம்தான் பெற்றது. 2025இல் எர்டிகாவின் எல்லா வகையிலும் ஆறு ஏர்பேக் வந்தது. பொலீரோவில் இரண்டு. நடுசீட்டில் குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எர்டிகாவில் உண்டு. பக்கவாட்டுச் சீட்டில் குழந்தை இருக்கையை மாட்டவே முடியாது. ஊரில் எத்தனையோ பிள்ளைகள் அந்தச் சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போவதைப் பார்க்கிறோம். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

மலையில் கதை மாறும். ஏலகிரிக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஆள், சுமை எல்லாம் ஏற்றிக்கொண்டு அந்த வளைவில் திரும்பி எழும்போது தெரிவது இழுவிசை. பொலீரோவின் டீசல் 210 நியூட்டன் மீட்டரை 1,600 சுற்றிலிருந்தே தருகிறது. எர்டிகாவின் பெட்ரோல் அதைவிட வெகு குறைவாகத்தான் தருகிறது. அதுவும் சுற்றை நன்றாக ஏற்றி மிதித்தால்தான். முன்னதில் இரண்டாம் கியரில் நிதானமாக ஏறும் இடத்தில், பின்னதில் முதல் கியருக்கு இறங்கி எஞ்சினை அலறவிட வேண்டும். கடைசி ஒரு கிலோமீட்டர் மண்பாதை என்றால் வேறுபாடு இன்னும் பெரிது. பின்னால் சுமை ஏறிய முன்சக்கர வண்டி, செங்குத்தான சரளையில் ஏறும்போது முன்பக்கம் இலேசாகி வழுக்கும். பின்சக்கர வண்டிக்கு அதே சுமை பிடிமானமாகிவிடும். இந்த இடத்தில் பொலீரோவுக்கு நிகராக எர்டிகாவை நிறுத்த முடியாது. நிறுத்த முயல்பவர்கள் அந்தப் பாதையில் போனதில்லை.

ஆனால் அதே பாதையில் கண்ணாடி என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பொலீரோவின் பின்னச்சு ஸ்பிரிங் பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. லாரியில் இருக்கும் அதே தத்துவம். முழுச் சுமையில் பட்டை நன்றாக வளைந்து கொடுக்கும். ஐந்து பேரும் முப்பது கிலோவுக்குள் ஒரு தொலைநோக்கியும் அதற்குப் பெரிய சுமையே அல்ல. அதனால் பள்ளத்தின் அடி நேராக மேலே வரும். எர்டிகாவின் சுருள் ஸ்பிரிங் அதே அடியைப் பாதி வழியில் வாங்கிக்கொள்ளும். கண்ணாடியைத் தாங்கும் பிடியில் இருக்கும் மூன்று திருகும் ஒரு மயிரிழை தளர்ந்தால் போதும், கோளின் விளிம்பு மங்கும். குழாய்க்குக் கீழே பழைய பஞ்சு மெத்தையை மடித்துப் போட்டால் இரண்டு வண்டியிலும் பாதிப் பிரச்சினை தீரும். மெத்தைக்கும் இடம் வேண்டுமே என்பதுதான் அடுத்த கவலை.

பின்கதவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எர்டிகாவின் கதவு மேலே தூக்கித் திறப்பது. பனி இறங்கும் தை, மாசி இரவுகளில் அது ஒரு தாழ்வாரம். கண்ணாடி லென்சுகளின் பெட்டியை அதன் கீழே திறந்து வைக்கலாம். பிள்ளைகள் போர்வையோடு விளிம்பில் உட்கார்ந்து பால் குடிக்கலாம். பொலீரோவின் கதவு ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் திறக்கும். மண்மேட்டையோ மரத்தையோ ஒட்டி நிறுத்தினால் முழுக்கத் திறக்காது.

கதவோடு சேர்ந்தது விளக்கு. இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடம் ஆகும். யாராவது தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்து, உள்விளக்கு பளிச்சென்று எரிந்தால் அத்தனையும் போயிற்று. மறுபடி முதலிலிருந்து. ரிமோட்டில் பூட்டினாலும் நான்கு இண்டிகேட்டரும் மின்னும். எந்த வண்டியை எடுத்தாலும் உள்விளக்கைக் கதவோடு தொடர்பறுத்து அணைக்கும் சுவிட்ச் எங்கே இருக்கிறது, சாவியைப் போட்டுப் பூட்ட வழி உண்டா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுவது மலிவான வழி.

எர்டிகா வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மைலேஜ் ஆசையில் சிஎன்ஜி வகையை எடுத்துவிடாதீர்கள். கிலோவுக்கு 26 கிலோமீட்டர் என்று சொல்லும்போது யாருக்கும் மனம் இளகும். ஆனால் அந்த சிலிண்டர் கடைசி வரிசைக்குப் பின்னால், டிக்கியில்தான் உட்கார்ந்திருக்கிறது. சீட்டை மடித்துத் தரையைச் சமமாக்கினாலும் கோடியில் சிலிண்டர் சுவர் போல நிற்கும். குடும்பத்தை மட்டும் ஏற்றுபவர்களுக்கு அது நல்ல வண்டி. நம்மைப் போல ஒரு பெரிய பொருளோடு வாழ்பவர்களுக்கு, எர்டிகாவை எர்டிகாவாக்கும் குணத்தையே அது எடுத்துவிடுகிறது.

இத்தனையும் எடைபோட்டுக்கொண்டிருந்தபோது முடிவைச் சொன்னது அம்மாதான். நண்பருடைய பொலீரோவில் ஏற அவர் ஒரு கையால் கதவையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, படியில் கால் வைத்து, முட்டி வலியில் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு சொன்னார்: "வண்டி நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா தினம் கோயிலுக்கு இப்படி ஏறி இறங்க என்னால ஆகாது. நான் ஆட்டோவுல போயிக்கிறேன்."

வடகிழக்குப் பருவமழை போய் வானம் தெளிவது தையில். சித்திரைக்குப் பிறகு புழுக்கமும் மேகமும். நடுவே வரும் அமாவாசையை ஒட்டிய சனி, ஞாயிறுகளை எண்ணினால் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து இரவுதான் எங்களுக்கு மலை. மீதி நாளெல்லாம் இந்த வண்டி பள்ளிக்கூடம், மருத்துவமனை, காய்கறிச் சந்தை, கல்யாண மண்டபம். ஒரு பொழுதுபோக்குக்காகக் குடும்பத்தில் ஒருவர் வண்டியை விட்டு ஆட்டோவுக்குப் போக வேண்டும் என்றால் அந்த வண்டி குடும்ப வண்டி அல்ல. மண்பாதையின் கடைசி ஒரு கிலோமீட்டருக்கு என்னிடம் மாற்று வழி இருக்கிறது. தார்ச்சாலையில் நிறுத்திவிட்டு, குழாய்க்கு ஒரு நடை, அடிப்பெட்டிக்கு ஒரு நடை. அம்மாவின் முட்டிக்கு மாற்று வழி இல்லை.

மலையிலேயே வீடு இருப்பவர்கள், தோட்டத்துக்கு உரமும் ஏற்ற வேண்டியவர்கள், வீட்டில் நான்கு பேருக்கு மேல் இல்லாதவர்கள், ஏறி இறங்கச் சிரமப்படும் பெரியவர்கள் இல்லாதவர்கள் தயங்காமல் பொலீரோ எடுக்கலாம். நடுசீட்டில் குழாய்ப் பக்கம் யாரும் உட்காராதபடி பார்த்துக்கொண்டால் போதும். நான்கு மீட்டர் வரிச் சலுகையும் அவர்கள் பக்கம்.

நாங்கள் பெட்ரோல் எர்டிகாவுக்கு முன்பணம் கட்டிவிட்டோம். மார்ச் அமாவாசைக்கு முன் வண்டி வந்துவிடும் என்கிறார்கள். அந்த மாதம் நள்ளிரவுக்குப் பிறகு ஜவ்வாது மலையிலிருந்து பார்த்தால், தெற்கே முப்பது பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் திரள் ஏறி நிற்கும். மகள் இதுவரை அதைப் பார்த்ததில்லை.