கல்லாமையும் ஆராய்ச்சியும்

ஆலங்குளம் முதலிய சிற்றூர்களினின்று உயர்கல்விக்கு வரும் மாணவர் சிலர், தாம் கல்லாத நூலைப் பற்றி வினவியவழி நாணித் தலைகுனிதலை யாம் கண்டிருக்கின்றோம். அந்நாணம் வேண்டுவதன்று என்பதற்கு வரலாறே சான்று.

உ. வே. சாமிநாதையர் 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எனப் பலவும் பாடங்கேட்டவர். எனினும் 1880இல், அவர் குடந்தைக் கல்லூரி ஆசிரியராயிருந்தபொழுது, அவ்வூர் முன்சீபாகிய சேலம் இராமசுவாமி முதலியார் சீவகசிந்தாமணியைப் பற்றி வினவ, கற்றதில்லை என்றே விடை கூற நேர்ந்தது. பின்னர் முதலியார் அளித்த படியைப் பயின்றும், ஏடுகளை ஒப்புநோக்கியும், சமணரிடம் அவர்தம் சமயக் கொள்கைகளைக் கேட்டறிந்தும் 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார்.

ஐந்தாண்டுப் பாடத்தில் இடம்பெறாத ஒரு நூலே அவர்தம் வாழ்நாட்பணிக்கு வாயிலாயிற்று. ஆதலின், 'அறியேன்' என்று மாணவர் அச்சமின்றிக் கூறுதற்கு இடமளித்தல் ஆசிரியராகிய எம் கடனாம்.