ஹெச்டி சண்டையும் நான் தோத்த பிரியாணியும்

2007ல நானும் என் காலேஜ் தோஸ்த் ஒருத்தனும் ஒரு பந்தயம் கட்டினோம். அவன் நியூஜெர்சியில, நான் மதுரையில. வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்திருக்கிறவர்கள் டிவிடியை விட்டுவிட்டு எந்த வட்டுக்கு மாறுவார்கள்? நான் ஹெச்டி டிவிடி என்றேன், அவன் ப்ளூ-ரே என்றான். தோத்தவன் பிரியாணி வாங்கித் தரணும். ரெண்டு பேர்கிட்டயும் ரெண்டு பிளேயருமே கிடையாதுங்கறது தனி காமெடி :-)

நம்ம ஊர் டிவிடியின் படம் 720க்கு 576 புள்ளி. புது வட்டுகளில் 1920க்கு 1080. பெருக்கிப் பாருங்க, சரியா அஞ்சு மடங்கு. இவ்வளவையும் அதே அளவு வட்டில் அடைக்க சிவப்பு லேசர் பத்தாது. ஜப்பானில் நிச்சியா கம்பெனியில் ஷூஜி நகமுரா 90களில் நீல லேசரைச் சாதித்துக் காட்டியதால்தான் இரண்டு வட்டுமே பிறந்தன. இதுவரைக்கும் ரெண்டும் அண்ணன் தம்பி.

பிரிஞ்சது எங்கே? தகவல் இருக்கும் ஆழத்தில். ஹெச்டி டிவிடியில், டிவிடி போலவே மேற்பரப்பிலிருந்து 0.6 மிமீ. பழைய டிவிடி ஃபேக்டரியையே கொஞ்சம் மாத்தினா போதும். ப்ளூ-ரேயில் 0.1 மிமீதான். அதனால் ஓர் அடுக்கில் 25 ஜிபி பிடிக்கும், ஹெச்டி டிவிடியில் 15. ஆனா மெஷினெல்லாம் புதுசு வாங்கணும்.

படத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. விலையில் உண்டு. 2006 ஏப்ரலில் தோஷிபாவின் முதல் பிளேயர் அமெரிக்காவில் 499 டாலர். ஜூனில் வந்த சாம்சங் ப்ளூ-ரே 999. போதாக்குறைக்கு ஹெச்டி டிவிடியில் மண்டலப் பூட்டு கிடையாது, எந்த நாட்டு வட்டும் எங்கேயும் ஓடும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் என் கட்சிதானே ஜெயிக்கணும்?

சோனி 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3க்குள்ள ப்ளூ-ரேயை வச்சு வித்துட்டான். பையன் கேம் ஆட வாங்கினான், வீட்டுக்குள் ப்ளூ-ரே சத்தமில்லாம வந்து உட்கார்ந்தது. இன்னொரு பக்கம் ஸ்டூடியோக்கள். யுனிவர்சல் படம் ஹெச்டி டிவிடியில் மட்டும், டிஸ்னியும் ஃபாக்ஸும் ப்ளூ-ரேயில் மட்டும். ரெண்டிலும் வெளியிட்ட பாரமவுண்ட் 2007 ஆகஸ்டில் ப்ளூ-ரேயைக் கைவிட்டது. எல்லாப் படமும் வேணும்னா ரெண்டு மெஷின் வாங்கு!

எல்லாருக்கும் முந்தி ஹெச்டி டிவி வாங்கின ஆர்வக்கோளாறுகள் பாடு இன்னும் மோசம். பலர் டிவியில் ஹெச்டிஎம்ஐ சாக்கெட்டே இல்லை, பழைய அனலாக் காம்பொனெண்ட் சாக்கெட்தான். அந்த வழியா வரும் படத்தை 960க்கு 540 ஆகக் குறைக்கச் சொல்லும் ஒரு கொடியை வட்டிலேயே வைக்க ஸ்டூடியோக்களுக்கு உரிமை இருந்தது. பெரும்பாலும் வைக்கலைங்கறது வேற விஷயம். ஆனா கத்தி தலைக்கு மேல தொங்கிட்டே இருந்தது. ஆயிரக்கணக்கில் டாலர் கொட்டினவனுக்குக் கிடைச்ச மரியாதை இது.

2007 நவம்பரில் வால்மார்ட், தோஷிபா பிளேயரை 98.87 டாலருக்குப் போட்டது. உடனே ஃபோனைப் போட்டேன். "மாப்ளே, பிரியாணிக்கு ரெடியா?"

"பொறுடா, வார்னர் இன்னும் ரெண்டு பக்கமும் இருக்கான்ல?" என்றான்.

அவன் சொன்னதுதான் நடந்தது. 2008 ஜனவரி 4ம் தேதி, லாஸ் வேகாஸ் கண்காட்சிக்குச் சில நாள் முன்னாடி, இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்று வார்னர் அறிவித்தது. ஹெச்டி டிவிடி அணி அங்கே நடத்தவிருந்த பிரஸ் மீட்டையே ரத்து செய்தது. பிப்ரவரியில் நெட்ஃப்ளிக்ஸ், வால்மார்ட் எல்லாம் வரிசையா கைகழுவ, 19ம் தேதி தோஷிபா கடையைக் கட்டியது. விலை குறைஞ்சதேன்னு ரெண்டு மாசம் முன்னாடி வாங்கினவன் கையில் இருந்தது இனி புதுப் படமே வராத பெட்டி. யாரும் அவனைக் கேட்டு முடிவு பண்ணலை.

அடுத்த லீவுக்கு வந்தவனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். ஆறுதல் பரிசா ஒரு ப்ளூ-ரே வட்டு கொண்டுவந்து கொடுத்தான். ரெண்டு வருஷம் பத்திரமா வச்சிருந்து, பிளேயர் வாங்கினதும் முதல் வேலையா அதைத்தான் போட்டேன். ஓடலை. அமெரிக்க வட்டு மண்டலம் ஏ, நம்ம இந்தியா சி.