பபிள் கம் கார்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு!

இந்த முறை நாம் பார்க்கப் போவது கிரிக்கெட் கார்டுகளின் வரலாறு. "இதிலெல்லாம் என்ன வரலாறு?" என்று கேட்காதீர்கள். 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரே ஒரு பேஸ்பால் கார்டு 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது! மிக்கி மேன்டில் என்ற வீரரின் படம் போட்ட, 1952-ம் வருடத்து டாப்ஸ் கார்டு அது.

சிகரெட் பெட்டியில் பிறந்தது

அந்தக் காலத்து சிகரெட் பெட்டி வெறும் காகிதம்தான். சிகரெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டையைச் சொருகினார்கள். வெறும் அட்டை எதற்கு என்று அதில் படமும் போட்டார்கள். இங்கிலாந்தின் வில்ஸ் கம்பெனி 1896-ல் 50 கிரிக்கெட் வீரர்களின் கார்டுகளை வெளியிட்டது. அதே வருடம் டெஸ்ட் ஆட ஆரம்பித்த நம் ரஞ்சித்சிங்ஜியின் படமும் அந்தக் காலத்து சிகரெட் கார்டுகளில் வந்தது. பிறகு சிகரெட்டின் இடத்தை பபிள் கம் பிடித்துக் கொண்டது.

நம்ம ஊர் 'பிக் ஃபன்'

எண்பதுகளின் பிற்பகுதியில் நம் நாட்டில் பிக் ஃபன் பபிள் கம் வாங்கினால் கிரிக்கெட் கார்டு கிடைக்கும். அப்போது எங்கும் கிரிக்கெட் பேச்சுதான். 1987 மார்ச்சில் கவாஸ்கர் டெஸ்டில் 10,000 ரன்னைத் தொட்டார். அக்டோபர் 9-ம் தேதி நம் சேப்பாக்கத்தில், உலகக் கோப்பையில், ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றோம்!

கார்டில் ரன், விக்கெட் எண்ணிக்கை அச்சிட்டிருக்கும். குறிப்பிட்ட அளவு சேர்த்துக் கொடுத்தால் ஃப்ளிப் புக் கிடைக்கும். பக்கங்களை வேகமாகப் புரட்டினால் வீரர் பந்து போடுவது போலவே தெரியும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் பழைய கார்டுகளை அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். விற்காத 1952 கார்டுகளைக் கடலில் கொட்டியதாக டாப்ஸ் கம்பெனியின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். நம் ஊரிலோ பரிசுத் திட்டமே கார்டுகளை விழுங்கிவிட்டது! ஆசையாகச் சேர்த்த பையன்தான் முதலில் கொண்டு போய்க் கொடுத்தான். மிச்சம் இருந்தது பழைய பேப்பர்காரரிடமும் போகித் தீயிலும் போயிற்று.

நல்லதுக்கு மாற்றுவது

கவாஸ்கர், கபில்தேவ் இருவரும் 2009-லேயே ஐ.சி.சி. ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றவர்கள். இப்படிப்பட்ட ஜாம்பவான்களின் கார்டுகளைத் தேடுபவர்கள் முதலில் கிடைத்ததை வாங்குவார்கள். பிறகு அதே கார்டு இன்னும் நல்ல நிலையில் கிடைத்தால் அதை வாங்கிக் கொண்டு பழையதை விற்று விடுவார்கள். இதைத்தான் 'அப்கிரேட்' என்கிறார்கள். நான்கு மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். ஒரே கார்டுதான், மூலை மழுங்கியிருந்தால் விலை பல மடங்கு குறைந்து விடும்.

அஸ்தினாபுரம், குரோம்பேட்டை பக்கத்து ஈரக் காற்றில் அட்டை வளைந்து போகும், பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சி அரிக்கும். பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான, காய்ந்த இடத்தில் வையுங்கள். பாதுகாப்பு என்று நினைத்து லேமினேஷன் மட்டும் செய்து விடாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது! ஓரத்தைக் கத்தரியால் நேராக்குவதும் கூடாது.

ஆனால் ஒரு விஷயம். பின்பக்கம் யாரோ ஒரு பையன் பால்பாயிண்ட் பேனாவால் ரன்னைக் கூட்டிப் பார்த்த கார்டு கிடைத்தால், மதிப்பெண் குறைவு என்று அதைத் தள்ளி விடாதீர்கள். பளபளப்பான கார்டு விலையைத்தான் சொல்லும். அந்தக் கிறுக்கல்தான் பையன்கள் அதை எப்படிச் சேர்த்தார்கள் என்று சொல்லும். அதுவும் சரித்திரம்தானே!

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் தேடுவது அப்புறம் இருக்கட்டும். முதலில் வீட்டில் நாற்பத்தைந்தைத் தாண்டிய மாமா, சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். பரண் மேல் தகர டப்பா ஏதாவது இருக்கலாம். அடுத்த போகி வருவதற்குள் கேட்டு விடுங்கள்!